பனிக்காலத்தில் வீட்டுக் கோழிகள்

தமிழகத்துச் சிற்றூர்களில் கோழி வளர்ப்பது தனியே கற்க வேண்டிய கலை அன்று. பகலெல்லாம் குப்பையைக் கிளறித் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். அந்தி சாய்ந்ததும் தானாகவே வீட்டு வாசலுக்கு வந்து சேரும். பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அங்கே கோழிக்குப் பகை என்று நாம் அறிந்தவை கீரியும், பருந்தும், வெள்ளைக்கழிச்சலும், கோடை வெயிலுமே. குளிரினால் கோழி இறந்தது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர் அரியர்.

அந்தப் பழக்கத்தோடு வடபுலத்துக்கு வந்து, படைத்துறைப் பணியிலும் அரசாங்க அலுவலிலும் மலைநாட்டு ஊர்களில் குடியமரும் குடும்பங்கள் நம்மவரிடையே பல. குடியிருப்பின் பின்புறம் சிறிது நிலம் இருந்தால் நாலைந்து கோழி வளர்க்கும் ஆசை இயல்பாகவே எழுகிறது. குழந்தைகளுக்கு முட்டை கிடைக்கிறது. அடுக்களையில் மிஞ்சியது வீணாகாமற் போகிறது. அயலூரில் வீட்டைச் சுற்றி ஓர் உயிர்த்துடிப்பும் இருக்கிறது. ஆனால் முதற் பனிக்காலம் வந்ததும் நம் உள்ளம் கலங்குகிறது. ‘இரண்டு கம்பளி போர்த்தும் நமக்கே நடுக்கம் நிற்கவில்லையே, இந்த வாயில்லா உயிர்கள் என்ன செய்யும்?’ என்று இரங்கிக் கூட்டின் இடுக்கெல்லாம் சாக்கைத் திணித்து அடைக்கிறோம். அதுவும் போதாதென்று உள்ளே ஒரு தணற்சட்டியை வைக்கிறோம். காலையில் திறந்து பார்த்தால் கோழிகள் விறைத்துக் கிடக்கின்றன. ‘குளிர் தாங்கவில்லை’ என்று வருந்துகிறோம். உண்மையில் அவற்றைக் கொன்றது குளிர் அன்று; குளிருக்கு அஞ்சி நாம் செய்த காப்பே ஆகும்.

கோழியின் இயற்கைப் போர்வை

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம் உடல் வெப்பத்தினும் அது நான்கு டிகிரி மிகுதி. அவ்வெப்பத்தைக் காக்க இயற்கை அதற்கு இறகுப் போர்வை ஒன்றை அளித்திருக்கிறது. மேலே தெரியும் இறகுகளின் அடியில் மெல்லிய தூவி நெருங்கி வளர்ந்திருக்கிறது. குளிர் மிகும்போது கோழி தன் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல் உப்பி நிற்பதை யாவரும் கண்டிருக்கலாம். அவ்வாறு சிலிர்க்கும்போது இறகுகளுக்கிடையே காற்று தங்குகிறது. தங்கிய காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. நம் பஞ்சு மெத்தையும் கம்பளியும் சூடு தருவது இதே முறையில்தான்.

இறகில்லாத இடங்கள் கொண்டையும், தாடியும், கால்களுமே. கோழி இரவில் தலையைத் திருப்பி இறகுக்குள் புதைத்துக்கொள்ளும். கால்களின்மேல் அமர்ந்து வயிற்றுத் தூவியால் அவற்றை மூடிக்கொள்ளும். காலுக்கு இறங்கும் சூடான குருதியும் அங்கிருந்து மேலேறும் குளிர்ந்த குருதியும் அடுத்தடுத்த குழாய்களில் ஓடுவதால், வெப்பம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி உடலுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது.

ஆகவே நல்ல இறகும், நிறைந்த இரைப்பையும், உலர்ந்த இடமும் உடைய வளர்ந்த கோழி, உறைநிலைக்குக் கீழான இரவையும் தாங்கிக்கொள்ளும். காச்மீரப் பள்ளத்தாக்கில் திசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிரைச் ‘சில்லை கலான்’ என்று அங்குள்ளோர் அழைக்கின்றனர். 2021ஆம் ஆண்டு சனவரி 31 அன்று சிரீநகரில் குளிர் பூச்சியத்திற்குக் கீழ் 8.8 டிகிரி வரை இறங்கியது. லே நகரிலோ அதனினும் கடுமையான இரவுகள் ஆண்டுதோறும் வருகின்றன. அங்கெல்லாம் குடியானவர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கோழிகள் வாழ்ந்தே வருகின்றன.

உண்மையான பகை ஈரமே

அங்ஙனமாயின் எதற்கு அஞ்ச வேண்டும்? ஈரத்துக்கு அஞ்ச வேண்டும்.

இறகு நனைந்தால் அதனிடையே தங்கிய காற்று போய்விடுகிறது, போர்வை கந்தலாகிறது. கூட்டுக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சிலர் ஐயுறலாம். கோழியின் மூச்சில் நீராவி உண்டு. எச்சத்தில் பெரும்பகுதி நீரே. ஐந்தாறு கோழிகள் நீண்ட பனியிரவு முழுதும் அடைந்து கிடக்கும் இடத்தில், காற்றுப் போகும் வழியையும் அடைத்துவிட்டால், அந்த ஈரம் முழுவதும் கூட்டுக்குள்ளேயே நிற்கும். அது கூரையில் முத்து முத்தாகப் படிந்து கீழே சொட்டும். கொண்டையிலும் தாடியிலும் படிந்து உறையும். உறைபனிப் புண் பெரும்பாலும் இவ்வாறே உண்டாகிறது. நாட்பட்ட எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா நெடியோ கண்ணையும் மூச்சுக்குழலையும் அரித்து, சளி நோய்க்கு வாயில் திறந்துவிடுகிறது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து அறிதல் வேண்டும். வாடைக்காற்று நேரே கோழியின் உடலில் மோதுதல் ஒன்று. கூட்டுக் காற்று மெல்ல மாறி வெளியேறுதல் மற்றொன்று. முன்னது இறகைக் கலைத்துச் சூட்டைப் பறிக்கும். அதைத் தடுத்தே ஆக வேண்டும். பின்னது ஈரத்தை வெளியேற்றும். அதை ஒருநாளும் தடுக்கலாகாது. சூடான ஈரக்காற்று மேலே எழும் இயல்புடையது. எனவே, கோழிகள் அமரும் கொம்புக்கு மேலே, கூரை இறப்பை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு விடுதல் முறை. கீரியும் மரநாயும் நுழையாதபடி அதற்குச் சிறுகண் கம்பிவலை அடித்தல் வேண்டும். கோழி அமரும் உயரத்திலும் அதற்குக் கீழும் உள்ள இடுக்குகளை மட்டும் பலகையாலோ மண்ணாலோ அடைத்துவிடலாம்.

கூடு நன்றாக அமைந்திருக்கிறதா என்று அறியக் கருவி ஒன்றும் வேண்டா. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் கண்ணாடியிலோ கூரையின் உட்புறத்திலோ நீர்த்துளியோ பனிப்படலமோ இருந்தால், காற்றோட்டம் போதவில்லை என்று கொள்க. பிறகு கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள். நெடி மூக்கைக் கடித்தால், கோழி இரவு முழுவதும் அதையே உட்கொண்டிருக்கிறது என்பது பொருள்.

கூடும் தரையும்

வாயில் தெற்கு நோக்கியிருத்தல் நன்று. பனிக்காலத்தில் சூரியன் தென்வானில் தாழ்ந்து செல்வதால் வெயில் உள்ளே விழும். லடாக்கின் பழைய வீடுகளில் தடித்த மண் சுவர்களும், கால்நடைக்கென ஒதுக்கிய கீழ்த்தளமும் இருப்பதைக் காணலாம். பகல் வெயிலின் சூட்டை மண் சுவர் உள்வாங்கி இரவில் மெல்ல வெளிவிடும். நாமும் தகரக் கூட்டைக் காட்டிலும் மண்ணாலோ செங்கல்லாலோ மரத்தாலோ ஆன கூட்டையே நாட வேண்டும்.

கூடு தேவைக்கு மிஞ்சிப் பெரிதாக இருத்தலும் தக்கதன்று. கோழி ஒன்றுக்கு 3 அல்லது 4 சதுர அடி போதும். அமரும் கொம்பு உருண்டையான மெல்லிய கழியாக இல்லாமல், நான்கு விரற்கடை அகலமுள்ள தட்டையான மரச்சட்டமாக இருக்கட்டும். அப்போதுதான் விரல்கள் மடங்கி வெளியே நீளாமல் வயிற்றுத் தூவிக்குள் அடங்கும். இரும்புக் குழாயைக் கொம்பாக வைத்தல் கூடாது. அது காலின் சூட்டை உறிஞ்சிவிடும்.

தரையில் நெல் உமியோ மரத்தூளோ நாலைந்து அங்குல உயரத்துக்குப் பரப்ப வேண்டும். இதை ஐப்பசியிலேயே தொடங்கிவிடுதல் நலம். அடிக்கடி கிளறிவிட்டு, மேலே புதிது தூவி வந்தால், பனி முற்றும் காலத்தில் படுக்கை எட்டங்குலம் வரை உயரும். எச்சமும் உமியும் நுண்ணுயிர்களால் மக்கும்போது சிறிது வெப்பமும் பிறக்கும். படுக்கையை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உதிர்ந்தால் நன்று, உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. அத்தகைய இடத்தை அள்ளிக் களைந்து புதிது இட வேண்டும். இளவேனிலில் கூட்டைத் துப்புரவு செய்யும்போது கிடைப்பது தோட்டத்துக்குச் சிறந்த எரு.

கணப்பு வேண்டா

இந்தக் கட்டுரையில் மற்றவற்றை மறந்தாலும் இப்பகுதியை மறவாதிருக்க வேண்டுகிறோம். கரியடுப்பு, அங்கீட்டி, காங்கிரி, தணற்சட்டி ஆகிய எதையும் மூடிய கூட்டுக்குள் வைக்கலாகாது.

கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. புகை அடங்கிச் செக்கச் சிவந்து கனலும் தணல் தீங்கற்றது என்று நாம் எண்ணுவது பிழை. குருதியிலுள்ள சிவப்புப் பொருளோடு உயிர்வளி இணைவதைக் காட்டிலும் இந்நச்சு இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. பறவைகளின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருப்பதால், நல்ல காற்றானாலும் நச்சுக் காற்றானாலும் அவை நம்மினும் விரைவில் உட்கொள்கின்றன. இக்காரணம் பற்றியே, பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் கானரிக் குருவியைக் கூண்டில் கொண்டுசென்றனர். குருவி சாய்ந்தால் மனிதர் வெளியேறிவிடுவர். கருவிகள் அந்த இடத்தைப் பெற்று அவ்வழக்கம் கைவிடப்பட்டது 1986ஆம் ஆண்டில்தான்.

கோழிக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். சன்னல்களை அடைத்துவிட்டு அங்கீட்டியை அறைக்குள் வைத்து உறங்கியவர் மீண்டும் எழவில்லை என்னும் செய்தி வடநாட்டு நாளேடுகளில் குளிர்காலந்தோறும் வருகிறது. தென்னாட்டிலிருந்து புதிதாக வந்த குடும்பங்களுக்கு இந்த ஆபத்தை எடுத்துச் சொல்வார் பெரும்பாலும் இல்லை. ஆகவே உறங்கும் அறையில் கரிநெருப்பு ஒருபோதும் இருக்கலாகாது. புகாரி அடுப்பு வைத்திருப்போர் அதன் புகைக்குழல் அடைபடாமல் இருப்பதை உறுதி செய்துகொண்டு, அறையில் காற்றுக்கும் வழி விடுதல் வேண்டும்.

மின்விளக்கால் சூடேற்றலாமே எனின், அதிலும் இடர் உண்டு. வெப்பவிளக்கு அவிழ்ந்து உமியின்மேல் விழுந்தால் கூடு தீப்பற்றும். மேலும், சூட்டுக்குப் பழகிய கோழிகளைப் பனிப்புயல் இரவில் மின்சாரம் கைவிட்டால், அவை திடீர்க் குளிரைத் தாங்கா. வளர்ந்த கோழிக்குச் செயற்கைச் சூடு தேவையில்லை. குஞ்சுகளுக்கு மட்டும் அது இன்றியமையாதது. முதல் வாரத்தில் 35 டிகிரி அளவும், பின் வாரந்தோறும் ஏறத்தாழ 3 டிகிரி குறைத்தும் அவற்றைக் காக்க வேண்டும். அவ்வளவு தொல்லையும் எதற்கு? மலைநாட்டில் பங்குனி, சித்திரையில் குஞ்சு வாங்கி வளர்ப்பதே அறிவுடைமை. கார்த்திகை வருவதற்குள் அவற்றுக்கு முழு இறகும் முளைத்திருக்கும்.

நீரும் இரையும்

பனிக்காலத்தில் பலர் மறப்பது தண்ணீரை. ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய கால் லிட்டர் நீர் அருந்தும். நீர் உறைந்துவிட்டால் இரை எடுப்பதும் குறையும். இரை குறைந்தால் உடற்சூடும் குறையும். ‘பனியைக் கொத்தித் தின்னட்டும்’ என்று விட்டுவிடுதல் தகாது. பனியை உருக்கவே உடலின் சூடு செலவாகும். காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று வேளை வெதுவெதுப்பான நீர் வைத்தல் வேண்டும். உலோகப் பாத்திரத்தினும் தடித்த ரப்பர்த் தொட்டி நல்லது. உறைந்த கட்டியைத் தட்டி எளிதில் வெளியேற்றலாம். தாடி நனையாதபடி பாத்திரத்தின் வாய் குறுகியிருக்கட்டும். இரவில் நீர்ப்பாத்திரம் கூட்டுக்குள் இருக்க வேண்டியதில்லை. அதுவும் ஈரத்துக்கு ஒரு காரணமாகும்.

குளிர்காலத்தில் கோழி வழக்கத்தினும் மிகுதியாக உண்ணும். அதைக் குறைக்கலாகாது. வழக்கமான தீவனத்தோடு, அடையும் நேரத்துக்குச் சற்று முன்னர் ஆளுக்கொரு சிறு கைப்பிடி மக்காச்சோளமோ கோதுமையோ தூவுங்கள். இரைப்பையில் நிறைந்த தானியம் இரவெல்லாம் மெல்லச் செரித்து உள்ளிருந்தே சூடு தரும். ஆயினும் மக்காச்சோளத்தையே முழு உணவாக்கினால் கொழுப்பு மிகும். முட்டைக்கு வேண்டிய புரதம் குறையும். பனி மூடிய நிலத்தில் பசுமையும் சிறுகல்லும் கிடைப்பது அரிது. முட்டைக்கோசின் வெளியிலை, காச்மீரத்து ‘ஹாக்’ கீரை, முளைகட்டிய தானியம் ஆகியவற்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் கொத்தித் தின்பதற்காயிற்று; ஒன்றையொன்று கொத்திக்கொள்வதும் குறையும். கிளிஞ்சல் தூளும் சிறுகல்லும் தனித் தட்டில் இருக்கட்டும்.

முட்டை ஏன் குறைகிறது?

‘தீவனம் கூடியது, முட்டை குறைந்ததே’ என்று வருந்தும் இல்லத்தரசிகள் உண்டு. குளிரைக் காட்டிலும் இதற்கு முதற்காரணம் ஒளியே. கோழி தடையின்றி முட்டையிட நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாத ஒளி வேண்டும். திசம்பர் இறுதியில் சென்னையில் பகற்பொழுது 11 மணி நேரத்துக்கு மேல் உண்டு. சிரீநகரிலோ 10 மணி நேரங்கூட நிறைவதில்லை. இலையுதிர் காலத்தில் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்போதும் முட்டை நிற்கும். உண்ட புரதமெல்லாம் இறகுக்கே செல்லும். விரும்புவோர் விடியலுக்கு முன் சிறு விளக்கேற்றிப் பகலை நீட்டலாம். மாலையில் ஏற்றித் திடீரென அணைத்தால், கொம்பேறாத கோழிகள் இருளில் தடுமாறும். விளக்கேற்றாமல் ஓய்வு கொடுத்தாலும் குற்றமில்லை. இடும் முட்டைகளை மட்டும் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். உறைந்தால் ஓடு வெடித்துக் கெடும்.

எந்த இனம் ஏற்றது?

பெரிய ஒற்றைக் கொண்டையுடைய வெள்ளை லெகார்ன் நிறைய முட்டையிடும். ஆனால் கொண்டை பனிக்கு எளிதில் இரையாகும். ரோட் ஐலண்டு ரெட், பிளைமவுத் ராக் போன்ற கனத்த இனங்கள் குளிரை நன்கு தாங்குவன. நம் நாட்டு அசில் இனத்துக்குக் கொண்டை சிறிதே. எனினும் அதன் இறகு அடர்த்தியற்றது. ஆகவே அதை ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுவந்து பனிநாட்டில் விடுதல் இரக்கமுடைய செயலாகாது. காச்மீர் பேவரொல்லா என்னும் இனம் அப்பள்ளத்தாக்குக்கே உரியது. நம் நாட்டுக் கோழியினங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. உள்ளூர்ச் சந்தையில் உள்ளூர்க் கோழியை வாங்குவதே எங்கும் முதல் விதியாகக் கொள்ளத்தக்கது.

கனடா நாட்டில் ஓக்கா என்னும் ஊரின் மடத்துத் துறவி வில்பிரிட் என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் நாட்டுக் குளிருக்கென்றே ஓர் இனத்தை உருவாக்கினார். கொண்டையும் தாடியும் பெயரளவுக்கே உள்ள அக்கோழிக்குச் சான்டெக்ளேர் என்பது பெயர். 1921ஆம் ஆண்டில் அமெரிக்கக் கோழியினச் சங்கம் அதனைத் தனியினமாக ஏற்றது. பனிக்கு எளிதில் இலக்காகும் உறுப்பையே சிறிதாக்கிவிட்ட அவருடைய நுண்ணறிவு போற்றத்தக்கது.

நோயும் புண்ணும்

கொண்டையின் நுனி வெளுத்துப் பின் கறுத்தால் அது உறைபனிப் புண். அதைத் தேய்த்தலும், நெருப்பருகே காட்டுதலும் தீது. கோழியைக் குளிர் குறைந்த, உலர்ந்த இடத்துக்கு மாற்றி மெல்லச் சூடேற விடுங்கள். கால் விறைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து, ஈரம் போக ஒற்றித் துடைத்துவிடுங்கள். கறுத்த பகுதியை அறுக்க வேண்டா. அது தானே காய்ந்து விழும். ஒருமுறை உறைந்து தெளிந்த உறுப்பு மறுமுறை உறையலாகாது. ஆகவே புண் ஆறும் வரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். வீக்கமோ சீழோ கண்டால் கால்நடை மருத்துவரை நாடுங்கள். கொண்டைக்கு வாசலைன் தடவுவோரும் உண்டு. தடவினாலும் காற்றோட்டத்துக்கு அது ஈடாகாது.

வெள்ளைக்கழிச்சலுக்கு உரிய தடுப்பு மருந்தைப் பனி தொடங்குமுன்பே போட்டுவிடுதல் நலம். குமாவோன் மலையின் ராணிக்கேத் என்னும் ஊரின் பெயரையே அந்நோய் இந்தியாவில் தாங்கி நிற்கிறது. குளிர்காலத்தில் வட ஆசியாவிலிருந்து நீர்ப்பறவைகள் நம் ஏரிகளுக்கு வருகின்றன. 2020-21 குளிர்காலத்தில் இமாசலத்துப் போங் அணை நீர்த்தேக்கத்தில் பறவைக் காய்ச்சலால் வரித்தலை வாத்துகள் பெருவாரியாக மடிந்தன. எனவே, ஏரி, குளங்களுக்கு அருகில் வாழ்வோர் தீவனமும் நீரும் காட்டுப் பறவைகள் அணுகாதவாறு காக்க வேண்டும். கோழிகள் திடீரெனப் பல இறந்தால், வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

அன்றாடக் கடமை

இவ்வளவும் கேட்டுக் கோழி வளர்ப்பு பெருஞ்சுமை என்று யாரும் மலைக்க வேண்டா. காலையில் கூட்டைத் திறந்து, நீர்த்துளி இருக்கிறதா, நெடி இருக்கிறதா என்று பார்த்தல், மும்முறை வெதுவெதுப்பான நீர் வைத்தல், மாலையில் ஒரு கைப்பிடி தானியம் தூவுதல், படுக்கையைக் கிளறிவிடுதல், கதவைத் தாழிட்டு, மேல் திறப்பு அடைபடாமல் இருக்கிறதா என்று நோக்குதல். எல்லாம் சேர்ந்து அரைமணி நேரத்து வேலை. வீட்டுப் பிள்ளைகளிடம் இவற்றில் இரண்டொன்றை ஒப்படைத்தால் மகிழ்வோடு செய்வர்.

தில்லி, சண்டிகர் போன்ற சமவெளி நகரங்களில் வாழும் அன்பர்களுக்கு இத்துணைக் கடுங்குளிர் இல்லை. ஆனால் அங்கே மார்கழி, தை மாதங்களில் மூடுபனியின் ஈரம் மிகுதி. ஆதலின் அவர்களுக்கும் விதி ஒன்றே: கூட்டை உலர்வாக வையுங்கள், காற்றுப் போக வழி விடுங்கள், கரிநெருப்பை உள்ளே விடாதீர்கள். இம்மூன்றையும் கடைப்பிடிக்கும் வீட்டில், தை பிறந்து பகல் நீளத் தொடங்கியதும் கோழிகள் மீண்டும் முட்டையிடக் கொக்கரிக்கும் ஒலியைக் கேட்கலாம்.